கடலுக்குள் முதல் பத்து விநாடி



பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை, சிறுமலை வாழைப்பழம். நம்ம ஊர் பெருமைப் பட்டியலில் கடல் எங்கேயும் வராது. தூத்துக்குடிக் கடலைப் பார்க்கவே மதுரையைத் தாண்டி சுமார் 200 கிலோமீட்டர் போகணும். நம்மில் நீச்சல் தெரிந்த பலரும் அதைக் கத்துக்கிட்டது தோட்டத்துக் கிணத்துலதான், இடுப்புல பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கிட்டு.

ஆனா இப்போ ஃபைனல் இயர் டூர்னாலே கோவளத்தில் சர்ஃபிங் வகுப்பு, புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங், ராமேஸ்வரம் பக்கம் ஸ்நார்க்லிங்னு பிளான் போகுது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்தில் நடந்து, ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார். கடல் நமக்கு அவ்வளவு பக்கத்துல வந்துடுச்சு.

டூர் குரூப்பில் பிளான் போட்டதும் முதல்ல வர்ற கேள்வி: "டேய், சுறா வந்தா என்னடா பண்றது?" சிரிச்சுட்டுக் கடந்துடுவோம். ஆனா கேள்வி சரியான கேள்விதான். சுறாவுக்குப் பதிலா வேற ஏதாவது வர வாய்ப்பு நிறைய இருக்கு. அது வந்த முதல் பத்து விநாடியில் நாம என்ன பண்றோம்கிறதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்குது. இந்த மாதப் பாடம் அதைப் பத்தித்தான்.

கடல் கட்டிகள்

முதல்ல கொஞ்சம் வரலாறு. மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகளாக முத்துக் குளித்தல் நடந்தது. சிலிண்டர் கிடையாது, மாஸ்க் கிடையாது. காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வருவாங்க. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ ஒரு சுவாரசியமான விஷயத்தை எழுதி வச்சிருக்கார். குளிக்கிறவங்களைப் பெரிய மீன்கள் தாக்காமல் இருக்க மந்திரம் போடுறதுக்குன்னே ஆட்கள் இருந்தாங்களாம். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவங்களுக்குச் சம்பளம். பகலில் போட்ட மந்திரத்தை ராத்திரி அவிழ்த்துவிடுவாங்களாம். காரணம், ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கக் கூடாது! இப்படிப்பட்டவங்களுக்குத் தமிழில் 'கடல் கட்டி' என்று பெயர். கடலைக் கட்டுகிறவர். ஆங்கிலேயர் காலக் குறிப்புகளிலும் இவங்க வர்றாங்க. கடல் கட்டி கரையில் இல்லாவிட்டால் குளிக்கிறவங்க இறங்கவே மாட்டாங்கன்னு எழுதியிருக்காங்க.

மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டிருக்காது. ஆனா மனுஷன் கட்டுப்பட்டிருப்பான். "நமக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கையில் இறங்கினவன் பதறமாட்டான். மூச்சை அடக்கி வேலை செய்யுறவனுக்குப் பதறாமல் இருப்பதுதான் பாதி பாதுகாப்பு. கடல் கட்டி வேலை செஞ்சது அந்தப் பக்கத்துலதான்னு நான் நினைக்கிறேன்.

கிணத்துல குளிக்கும்போது தண்ணிப்பாம்பு வந்தா நம்ம பெரியவங்களும் இதையேதான் சொல்லுவாங்க: "அடிக்காதே, அலம்பாதே, சும்மா இரு. அது பாட்டுக்குப் போயிடும்." அந்த ஒரு வரியை இயற்பியல் வச்சு நிரூபிச்சுப் பார்ப்போம்.

தண்ணிக்குள்ள நம்ம சென்சார் பொய் சொல்லும்

தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. மாஸ்க் கண்ணாடிக்கு வெளியே தண்ணி, உள்ளே காற்று. ஒளி இதைத் தாண்டி வரும்போது வளையும். அதனால் 4 மீட்டர் தூரத்தில் இருக்கிற மீன் 3 மீட்டரில் இருக்கிற மாதிரி தெரியும். அளவும் மூணில் ஒரு பங்கு கூடுதலாகத் தோணும். மூணடி மீன் நாலடியாகத் தெரியும். ஆக, கடலுக்குள் முதன்முறை பார்க்கிற எதுவுமே நிஜத்தைவிடப் பெருசாகவும் பக்கமாகவும்தான் தெரியும். டூர் முடிச்சு வந்து "இவ்ளோ பெருசுடா!" என்று கை விரிக்கிறவன் பொய் சொல்லலை. அவன் கண் அப்படித்தான் பார்த்திருக்கு.

காதும் அதே கதைதான். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர், தண்ணீரில் சுமார் 1500 மீட்டர். இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை திசையைக் கணக்குப் போடும். அந்த வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போயிடுறதால, எங்கேயிருந்து சத்தம் வருதுன்னே தெரியாது. படகு மோட்டார் சத்தம் நாலா பக்கமும் கேட்கும்.

எதிரே இருக்கிற ஆளோட சென்சார் எப்படின்னு பாருங்க. சுறா, திருக்கை இரண்டுக்கும் முகத்தில் லொரென்சினி குடுவைகள் என்ற நுண்ணிய துளைகள் உண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு நானோவோல்ட் கணக்கில் இருக்கிற மின்புலத்தையே அதால் உணர முடியும். ஈசிஇ ஆட்கள் லேப்பில் இரைச்சலைக் குறைக்கப் படுற பாட்டை நினைச்சுப் பார்த்தா, இது எவ்வளவு பெரிய சாதனைன்னு புரியும். அது நம்மளைக் கண்டுபிடிச்சு ரொம்ப நேரம் ஆச்சு. நாமதான் லேட்.

நிஜமான ஆபத்து: பாயில் விதி

டைவிங்கில் எதிர்பாராத உயிரினத்தைப் பார்த்தவங்க பண்ற பெரிய தவறு, மூச்சை அடக்கிக்கிட்டு மேலே பாய்வது.

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 வளிமண்டலம். மேற்பரப்பில் 1. அழுத்தமும் கன அளவும் தலைகீழ் விகிதம். பத்தாவது வகுப்புக் கணக்குதான். 10 மீட்டரில் சிலிண்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுத்து, வாயை மூடிக்கிட்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காகும். நுரையீரல் இரண்டு மடங்கு விரியாது. கிழியும். காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதுக்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம். ஒண்ணரை மீட்டர் ஆழத்திலிருந்து அடக்கிய மூச்சோடு எழுந்தாலே காயம் ஆகலாம்.

அதனால் ஸ்கூபாவின் முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதே. திமிங்கலமே வந்தாலும் இழு, விடு, இழு, விடு. பக்கத்தில் இருக்கிற பயிற்றுநரைப் பார். அவர் கை காட்டுகிற வரைக்கும் மேலே போகாதே.

நிஜமாகச் சந்திக்கப் போகிறவங்க

நம்ம கடற்கரையில் இறங்குகிறவர் சுறாவைப் பார்க்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. கீழே இருக்கிறவங்களைப் பார்க்கிற வாய்ப்பு நிறைய.

*சொறி.* நாம ஜெல்லி மீன் என்கிறதை மீனவர்கள் சொறி என்பாங்க. பட்டால் என்ன ஆகும்னு பெயரிலேயே இருக்கு. அதன் இழைகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள். ஒவ்வொன்றும் ஸ்பிரிங் வச்ச ஊசி மாதிரி. இதே தொகுதியைச் சேர்ந்த ஹைட்ராவில் 2006-ல் அளந்து பார்த்தாங்க: ஊசி வெளியே வர ஆகும் நேரம் 700 நானோவிநாடி, முடுக்கம் புவியீர்ப்பைப் போல 50 லட்சம் மடங்குக்கும் மேல். இயற்கையில் அளந்த மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று. இந்த செல்களுக்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. கரையில் செத்துக் கிடக்கிற சொறியும், அறுந்து மிதக்கிற இழையும்கூட கொட்டும்.

பட்டுடுச்சுன்னா தேய்க்காதீங்க, மணல் போடாதீங்க. நல்ல தண்ணி ஊத்தாதீங்க. உப்பு அளவு திடீர்னு மாறினால் வெடிக்காமல் மிச்சம் இருக்கிற செல்களும் வெடிக்கும். சிறுநீர் வைத்தியம் சினிமாவோடு போகட்டும். கடல் தண்ணியாலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியாலோ கையுறை போட்டோ எடுத்துட்டு, சுமார் 45 டிகிரி சூட்டில் உள்ள வெந்நீரில் 20 முதல் 40 நிமிஷம் வைக்கணும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வாந்தி வந்தால் நேராக மருத்துவமனை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் 'நீல டிராகன்' என்ற குட்டிக் கடல் நத்தைகள் ஒதுங்கின. விரல் நீளம்தான், பார்க்க நகை மாதிரி இருக்கும். ஆனா அது கொட்டும் உயிரினங்களைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைத் தன் உடம்பில் சேமிச்சு வச்சுக்கும். அழகாக இருக்கேன்னு உள்ளங்கையில் வச்சு ரீல்ஸ் எடுக்காதீங்க.

*திருக்கை.* மணலுக்குள் புதைஞ்சு படுத்திருக்கும். மிதிச்சால் வாலில் இருக்கிற ரம்பம் மாதிரியான முள்ளால் கணுக்காலில் குத்தும். இதுக்குத் தீர்வு ரொம்ப எளிது: கடலில் காலைத் தூக்கித் தூக்கி நடக்காம, மணலோடு தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க. அதிர்வு தெரிஞ்சதும் அது விலகிப் போயிடும். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4-ல் திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்து இறந்தது உலகத்துக்கே தெரியும். ஆனா அப்படி நெஞ்சில் படுவது மிக அபூர்வம். கால் காயம்தான் சாதாரணம்.

நம்ம ஊர் கண்மாயில் கெளுத்தி முள் குத்தி வாங்கினவங்களுக்கு இந்த வலி ஓரளவு தெரியும். கடல் கெளுத்தி, கல் மீன், சிங்க மீன், திருக்கை எல்லாத்தோட விஷமும் புரதம். புரதம் சூட்டில் குலையும். அதனால்தான் இங்கேயும் வெந்நீர் முதலுதவி: தாங்கக்கூடிய சூடு, 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 30 முதல் 90 நிமிஷம். சூட்டைக் குத்துப்பட்ட காலை வச்சுப் பார்க்காதீங்க. அந்தக் கால் வலியில் மரத்துப் போயிருக்கும், வெந்தாலும் தெரியாது. மற்ற கையால் தொட்டுப் பாருங்க. முள் ஆழமாக இறங்கியிருந்தால் நீங்களாகப் பிடுங்க வேண்டாம், டாக்டர் எடுக்கட்டும்.

*கடல் பாம்பு.* துடுப்பு மாதிரி தட்டையான வால் இருக்கும். மூச்சு விட மேலே வரும். விஷம் கடுமையானதுதான், ஆனா வம்புக்கு வராது. கடி வாங்கினதாக வர்ற பெரும்பாலான சம்பவங்கள் வலையில் சிக்கினதைக் கையால் எடுத்த மீனவர்களுடையவை. ஆனா சில சமயம் டைவரை நோக்கி நேராக நீந்தி வரும், காலைச் சுத்தும். ஏன்? ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் எடுத்த தரவுகளை வச்சு 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்பு டைவரைப் பெண் பாம்புன்னு நினைச்சு வருதாம்! நாம விலகி ஓட ஓட, ஓடுவது பெண் பாம்புதான்னு அதுக்கு உறுதியாகுது. அசையாம நின்னா நாக்கால் ஒரு தடவை சோதிச்சுட்டு ஏமாற்றத்தோடு போயிடும். கிணத்துப் பாடம் கடலிலும் செல்லும்.

ஒருவேளை கடிச்சால் வலி பெரிசாக இருக்காது, அதனால் அலட்சியம் வரும். சில மணி நேரத்தில் தசை வலி, கறுத்த சிறுநீர்னு ஆரம்பிக்கும். கவனிக்க: நம்ம மருத்துவமனைகளில் இருக்கிற பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும்தான். கடல் பாம்புக்கு அது கேட்காது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் கட்டி, பெரிய மருத்துவமனைக்கே கொண்டு போகணும்.

*கூம்பு நத்தை.* ஐஸ்கிரீம் கோன் மாதிரி, மேலே ஓவியம் வரைஞ்ச ஓடு. மன்னார் வளைகுடாவில் உண்டு. உயிரோடு இருக்கும்போது எடுத்தால் ஈட்டி மாதிரி ஒரு பல்லை நீட்டிக் குத்தும். சில இனங்களின் விஷம் ஆளையே கொல்லும், மாற்று மருந்து கிடையாது. இதே குடும்பத்து நத்தை ஒன்றின் விஷத்தை மாதிரியாக வச்சுத்தான் சிகோனோடைடு என்ற வலி மருந்தை உருவாக்கினாங்க. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. பயோமெடிக்கல் நண்பர்கள் தேடிப் படிங்க. மற்றவங்க சங்கு பொறுக்கும் ஆசையைக் கடையில் தீர்த்துக்கோங்க.

பெரிய ஆட்கள் வந்தால்

*திமிங்கலச் சுறா.* 10 மீட்டரைத் தாண்டி வளரும், உலகின் மிகப் பெரிய மீன். இந்தியாவில் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். வாயைத் திறந்தால் ஆட்டோ நுழையும் போலத் தோணும், ஆனா சாப்பாடு மிதவை உயிரிகளும் குட்டி மீனும்தான். பார்த்தால் அதிர்ஷ்டம். 3 மீட்டர் தள்ளியே இருங்க, வால் பக்கம் போகாதீங்க. ஒரு தட்டு வாங்கினால் எலும்பு முறியும்.

*திமிங்கலம்.* 2020 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அவிலா கடற்கரை அருகே கயாக்கில் இருந்த இரண்டு பெண்களை ஒரு ஹம்ப்பேக் திமிங்கலம் கயாக்கோடு வாயில் அள்ளி, உடனே விட்டுடுச்சு. இரண்டு பேருக்கும் பெரிய காயம் இல்லை. அது குறி வச்சது அவங்களுக்குக் கீழே இருந்த மீன் கூட்டத்தை. இவங்க நடுவில் மாட்டினாங்க, அவ்வளவுதான். அதன் தொண்டையில் மனுஷன் இறங்கவே முடியாது. இதிலிருந்து ஒரு பாடம்: ஓரிடத்தில் பறவைகள் கூட்டமாகப் பாய்ஞ்சு பாய்ஞ்சு எழுந்தால், சின்ன மீன்கள் துள்ளினால், கீழே பெரிய ஆள் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். பந்தியில் குறுக்கே போகாதீங்க.

*சுறா.* 2015 ஜூலை 19, தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரிஸ் பே. போட்டியின் இறுதிச் சுற்று நேரலையில் ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆஸ்திரேலிய வீரர் மிக் ஃபேனிங் பக்கத்தில் சுறா வந்தது. காலில் கட்டியிருந்த பலகைக் கயிறு அறுந்தது. அவர் உதைச்சுக் குத்தித் தள்ளினார், மீட்புப் படகு வந்து தூக்கியது, ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த வருஷம் அதே இடத்தில் நடந்த போட்டியில் ஜெயிச்சார். உலகம் முழுக்கத் தூண்டுதல் இல்லாமல் சுறா கடிக்கிற சம்பவங்கள் பொதுவாக வருஷத்துக்கு நூறைக்கூட தொடுவதில்லை. வந்தால் முதுகைக் காட்டாம, அதைப் பார்த்தபடியே, அலம்பாமல் மெதுவாகப் பின்வாங்கணும்.

*பலகைத் திருடி.* 2023 கோடையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் '841' என்ற எண் கொண்ட பெண் கடல் நீர்நாய், சர்ஃபிங் பண்றவங்களிடமிருந்து பலகையைப் பிடுங்கி, மேலே ஏறிக் கடிச்சு நாசம் பண்ணிச்சு. அதிகாரிகள் பிடிக்கப் பார்த்தும் சிக்கலை. மனுஷங்க சாப்பாடு போட்டுப் பழக்கியிருக்கலாம்னு ஒரு காரணம் சொன்னாங்க. சினையாக இருந்ததால் வந்த மாற்றமாகவும் இருக்கலாம்; பிறகு குட்டியோடு தென்பட்டது. படிக்கச் சிரிப்பாக இருக்கு. கொடைக்கானல் ரோட்டில் குரங்குக்கு சிப்ஸ் போட்டுப் பழக்கினவங்க நாமதானே?

நம்மால் அதுக்கு ஆபத்து வந்தால்

2016 ஜனவரி 11 மாலை. திருச்செந்தூர் பக்கத்தில் மணப்பாடு. சர்ஃபிங் ஆட்களுக்கு அந்தக் கடற்கரை நல்லாத் தெரியும். அங்கே 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்களும் அதிகாரிகளும் ராத்திரியெல்லாம் கடலுக்குள் தள்ளித் தள்ளி விட்டாங்க. தள்ளிவிட்டதில் சில திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. இந்த இனம் கூட்டத்தை விட்டுப் பிரியாது. தவிக்கிற ஒன்றைத் தேடி மற்றவையும் வரும். 40-க்கும் மேல் இறந்துபோச்சு. 1973 ஜனவரியிலும் இதே தூத்துக்குடிக் கடற்கரையில் 147 ஒதுங்கியிருக்கு.

அப்படி ஒரு காட்சியில் நீங்க இருந்தா: வாலைப் பிடிச்சு இழுக்காதீங்க, மூட்டு விலகும். தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையில் தண்ணியோ மணலோ போகாமப் பாருங்க. ஈரத்துணி போர்த்தி உடம்பை நனைச்சுக்கிட்டே இருங்க. கூட்டத்தை விலக்குங்க. உடனே போன் பண்ணுங்க.

பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்கிற கடற்பசு இருக்கு. கடல்புல் மேயும், யாரையும் ஒண்ணும் பண்ணாது. அதுக்காகவே 2022-ல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவிச்சது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. வலையில் சிக்கின ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிச்ச மீனவர்கள் அங்கே இருக்காங்க. வலை அவங்களுக்கு எவ்வளவு பெரிய செலவுன்னு யோசிங்க. நாம செய்ய வேண்டியது அதைவிட ரொம்பச் சின்னது: முட்டையிட வர்ற பங்குனி ஆமையின் மேல் டார்ச் அடிக்காம, தூக்கி செல்ஃபி எடுக்காம இருந்தா போதும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆமை, ஆவுளியா, திமிங்கலம் எல்லாம் வருது. குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 வருஷம் சிறை. கேம்பஸ் பிளேஸ்மென்டுக்கு முன்னாடி தேவையா?

டூர் குரூப்பில் பின் பண்ணி வைக்க

1. இறங்கும் முன் உள்ளூர் மீனவரையோ பயிற்றுநரையோ கேளுங்க: "இன்னைக்குச் சொறி இருக்கா?" அவங்க வேண்டாம்னா வேண்டாம்.
2. முழுக்கை ரேஷ்கார்டு போடுங்க. சொறிக்கும் வெயிலுக்கும் ஒரே மருந்து.
3. மணலில் காலைத் தேய்ச்சு நட.
4. எதையும் தொடாதே, எடுக்காதே, சாப்பாடு போடாதே.
5. ஏதாவது வந்தால்: நில், மூச்சு விடு, பார், மெதுவாக விலகு. பத்து விநாடி.
6. தனியாக இறங்காதே. நீச்சல் தெரியாதவன் பக்கத்தில் தெரிந்தவன் கட்டாயம் இருக்கணும். கிணத்து நீச்சல் கடல் நீச்சல் ஆகாது.
7. பெரிய ஃபிளாஸ்கில் வெந்நீர், ஒரு இடுக்கி, ஒரு பேண்டேஜ் துணி வண்டியில் இருக்கட்டும்.
8. எண்கள்: ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

ஏழாவது பாயிண்டைத்தான் எல்லாரும் மறப்பாங்க. டூருக்கு ஸ்பீக்கர் தூக்கிட்டு வர ஒருத்தன் இருக்கான்ல, அவன்கிட்டயே ஃபிளாஸ்கையும் ஒப்படைச்சிடுங்க.